மேட்டுக்கு அந்தப் பக்கம்

அந்த மணியைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல வெண்கல மணி. கயிறுதான் நைந்து போயிருந்தது, அதை மாற்றியிருந்தால் போதும். விடுதி மேலாளரிடம் நானே ஒரு நாள் சொன்னேன், "கயித்தைப் பாருங்க, அறுந்து யார் கையிலயாவது வந்துரும்" என்று. அவர் அழகாகத் தலையை ஆட்டினார். அந்த மாதிரி சொகுசு இடங்களில் எல்லோரும் தலையை அழகாகத்தான் ஆட்டுவார்கள், காரியம் மட்டும் நடக்காது.

மணியின் மேல் ஒரு தப்பும் இல்லை. பல் டாக்டர் மேலும் இல்லை. அந்த மனிதர் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை, கோல்ஃப் மட்டைகளை எல்லாம் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். போன வாரம் என் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. "உங்க தப்பு இல்லை டாக்டர்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான் ஏதோ பெருந்தன்மையாகச் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் அதிகமாக அழுதார். உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்.

விபத்து என்று நீங்கள் முடித்துவைத்த விஷயம். அதைத் திரும்பத் திறப்பது உங்களுக்கும் சங்கடம்தான், புரிகிறது. நிதானமாகவே சொல்கிறேன், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. உங்கள் ஸ்டேஷனின் இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியே ஃபோன் ஓயாமல் அடிக்கிறது, யாரோ பெஞ்சைத் தரையோடு இழுக்கிறார்கள், உங்கள் தலைக்கு மேல் விசிறி கடகடவென்று ஓடுகிறது. அதற்கு பேரிங் போய்விட்டது, மாற்றச் சொல்லுங்கள். அவசரமில்லை, சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் போல்ட்டும் நட்டும் செய்கிறவன். என் தொழிற்சாலையில் ஒரு பக்கம் கம்பி போகும், மறுபக்கம் போல்ட் கொட்டும். வெளியாட்கள் உள்ளே வந்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சத்தம் இருந்தால்தான் மூச்சே சீராக வரும். ஷிஃப்ட் மணியை இத்தனை வருஷமும் நானேதான் அடித்தேன். மின்சார மணி வந்த பிறகும் பொத்தானை வேறு யாரையும் தொட விட்டதில்லை. அழுத்தினால் அத்தனை தலைகளும் ஒன்றாக நிமிரும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என் தொழிற்சாலையில் ஒருவருக்கும் ஒரு விரல் போனதில்லை. ஒரு தடவை இயந்திரத்திலிருந்து ஒரு போல்ட் தலை தெறித்து, எதிர்ச்சுவரில் போய்ப் பதிந்துவிட்டது. அன்றைக்கே எல்லோரையும் நிறுத்திவைத்துக் காட்டினேன், பொருள் எவ்வளவு சின்னது என்று பார்க்காதீர்கள், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பாருங்கள் என்று. மறுநாளே எல்லா இயந்திரத்துக்கும் தடுப்பு போட்டாயிற்று. ஆட்களின் உயிர் விஷயத்தில் நான் அசட்டையாக இருந்தேன் என்று யாரும் நாக்கின் மேல் பல் போட்டுச் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட நான் ஒரு நாள் அதே தரையில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓய்வு என்றார். மாத்திரையைப் போல அதையும் தண்ணீர் விட்டு முழுங்கிவிடலாம் என்பது மாதிரி சொன்னார். என் மனைவியும் அவள் தம்பியும் கூடிப் பேசி மலை மேல் அந்த விடுதியைப் பிடித்தார்கள். கோல்ஃப், மூலிகை நீராவி, எண்ணெய், சுடுகல் ஒத்தடம் என்று எல்லாம் உண்டு. குறைந்தது ஒரு மாதம் என்றாள். சரி என்றேன். அவள் அழுதிருந்தாள்.

என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் அம்மா போன பிறகு என் மனைவிதான் அவனை வளர்த்தாள். கல்யாணமாகி அவள் என் வீட்டுக்கு வந்தபோது அவனும் அரைக்கால் சட்டையோடு கூடவே வந்தான். சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது நான். தொழில் கற்றுக்கொடுத்ததும் நான்தான். தொழிற்சாலையில் என்னைப் 'பெரியவர்' என்பார்கள், அவனைச் 'சின்னவர்' என்பார்கள். கலகலப்பானவன். எதையும் நேரே சொல்லமாட்டான், பரிசுப் பொருளைச் சுற்றித் தருவது போல மறைத்துவைத்துக் கடைசியில்தான் அவிழ்ப்பான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அந்தப் பழக்கம் போகவில்லை.

விடுதியில் நுழைந்ததும் ஃபோன்களை வாங்கித் துணிப்பையில் போட்டு உள்ளே வைத்துவிட்டார்கள். வெள்ளை அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். நடைபாதை முழுக்க மெத்தென்ற விரிப்பு, நடந்தால் நம் காலடி நமக்கே கேட்காது. அங்கே பேசுகிறவர்கள் எல்லாம் பக்கத்து அறையில் குழந்தை தூங்குவது போலவே பேசினார்கள். சன்னலைத் திறந்தால் மலை. சாத்தினாலும் கண்ணாடி வழியாக அதே மலை. ஒரு வேலையும் செய்யாமல் இத்தனை பெரியதாக ஒன்று எதிரே நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

எண்ணெய் தேய்க்கும் அம்மாள் என் முதுகில் கைவைத்ததும் சிரித்துவிட்டார். "சார், நீங்கதான் இங்க படுத்திருக்கீங்க. உங்க தோள் இன்னும் வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கு" என்றார். உண்மைதான். என் விரல்கள் எதையாவது தட்டிக்கொண்டே இருந்தன. சாப்பாட்டு மேசை, கட்டில் சட்டம், மனைவியின் தோள். "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்பாள் அவள். சும்மா இருப்பதுதான் எனக்கு வராத வேலை என்று அவளுக்குத் தெரியாதா.

ஆனால் அவள் அங்கே நன்றாக இருந்தாள். அதை மறைக்கக் கூடாது. கல்யாணமான நாள் முதல் எனக்கும் தம்பிக்கும் ஓடியவள் முதல் முறையாக ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. தம்பி ஏதாவது சொன்னால் வாய்விட்டுச் சிரித்தாள். அவளிடம் போய், எனக்கு இங்கே பைத்தியம் பிடிக்கிறது, கிளம்பலாம் என்று எப்படிச் சொல்வது. சொன்னால் அந்த முகம் வாடிவிடும். என் மனைவியின் மனதை நான் நோகடித்ததில்லை.

ஒரு நாள் சலவை அறைக்குப் பின்னால் மச்சினன் குரல் கேட்டது. விடுதி ஆள் ஒருவரின் ஃபோனைக் கெஞ்சி வாங்கித் தொழிற்சாலைக்குப் பேசிக்கொண்டிருந்தான். "பெரியவரைத் தொந்தரவு பண்ண வேணாம். எல்லாம் நல்லாத்தானே ஓடுது. நல்லா ஓடுதுல்ல, அது போதும்" என்றான். நான் அங்கிருந்து அப்படியே திரும்பிவிட்டேன். நான் இல்லாமல் நன்றாக ஓடுகிறதாம். மணியை இப்போது யார் அடிக்கிறார்கள் என்று அவன் கேட்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வலியை மயங்கி விழுந்த நாளில்கூட நான் பட்டதில்லை. அவன்மேல் கோபமில்லை. நல்ல எண்ணத்தோடுதான் செய்தான். என்னைக் கட்டிப்போட்டவர்கள் எல்லோருமே நல்ல எண்ணத்தோடுதான் கட்டினார்கள், அதனால்தான் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் எதிர் அறைத் தம்பதி கிளம்பினார்கள். யாரோ நெருங்கிய உறவு தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. காப்பி ஆறுவதற்குள் பெட்டிகள் கீழே போய்விட்டன, ஃபோன்கள் கைக்கு வந்துவிட்டன, கார் வாசலில் நின்றது. ஏன் போகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போங்களேன் என்று யாரும் வற்புறுத்தவில்லை. மேலாளர் கைகட்டி நின்றார். சாவு என்றால் எல்லாக் கதவும் திறந்துவிடுகிறது. நான் அங்கியோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

கோல்ஃப் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பந்தைத் தொலைவாக அடிப்பது, பிறகு அதைத் தேடிப் போவது, மறுபடி அடிப்பது. இதற்குப் பெயர் ஓய்வு. மச்சினன் மட்டும் குழந்தை மாதிரி ஆசையாக ஆடினான். ஒவ்வொரு காலையும் நாங்கள் இருவரும், எங்கள் பையைத் தூக்கிவரும் ஓர் ஆளும் கிளம்புவோம். எங்களுக்குப் பின்னால், அதே விடுதியில் தங்கியிருந்த பல் டாக்டர் தனியாக ஆடிக்கொண்டு வருவார். மனிதர் அடித்தால் பந்து விசில் அடித்துக்கொண்டு போகும். அதுவும் நேராகப் போகும். பல் பிடுங்கிப் பிடுங்கி வந்த மணிக்கட்டு என்று மச்சினன் கேலி செய்வான்.

அந்த மைதானத்தில் ஓர் இடத்தில் வழி மேடாக ஏறி, உச்சியில் மறைந்து, அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கும். குழியும் கொடியும் உள்ள வழவழப்பான புல்தரை அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் நின்று அடிப்பவருக்கு அது கண்ணில் படாது. முன்னால் போனவர்கள் ஆட்டத்தை முடித்துக்கொண்டு, புல்தரையை விட்டு விலகி, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் வந்து அங்கே கம்பத்தில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். மணி கேட்டால் பள்ளம் காலி என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்.

முதல் முறை அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது என் உடம்பே மாறிவிட்டது. அந்த மலை முழுவதிலும் உருப்படியான ஒரு சத்தம் அது ஒன்றுதான். நான் அடித்தேன், மேட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் உடனே வேலையைத் தொடங்கினார். தொப்பென்று பந்து வந்து விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா. அன்றிலிருந்து மணி அடிப்பது என் பொறுப்பு. "மாமாவுக்கு ஷிஃப்ட் மணி கெடைச்சிருச்சு" என்று மச்சினன் அக்காவிடம் சொல்லிச் சிரித்தான்.

அவனிடம் ஒரு பழக்கம். குழிக்குப் பக்கத்தில் வந்து தவறவிட்ட அடியை அவனால் விடவே முடியாது. ஆட்டம் முடிந்த பிறகும் பந்தை அதே இடத்தில் வைத்து இன்னொரு முறை, இன்னொரு முறை என்று உருட்டிப் பார்ப்பான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் நிற்பேன். அங்கே மேட்டுக்குப் பின்னால் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார், இங்கே இவன் விளையாடுகிறான். உற்பத்தி நிற்கிறது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அடித்துவிட்டேன். சத்தியமாக அந்த முதல் தடவை வெறும் பொறுமையின்மைதான்.

பந்து அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் விழுந்து எகிறியது. அவன் தாவி ஓடி வந்து பாறைக்குப் பின்னால் என்மேல் மோதி நின்றான். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான். "மாமா, அக்காவைத் தம்பி இல்லாத ஆளா ஆக்கப் பாத்தீங்களே" என்றான். நானும் சிரித்தேன். அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். விரல்கள் தட்டவில்லை. அந்த மலைக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக அவை அசையாமல் இருந்தன. அன்று மத்தியானம் நான் தூங்கினேன். மனைவி யாரோடும் பேசாமல் கதவருகே காவல் உட்கார்ந்திருந்தாளாம்.

பிறகு இரண்டு மூன்று நாள் ஒழுங்காக அடிப்பேன். மறுபடி விரல்கள் ஆரம்பிக்கும், ராத்திரி புரண்டு புரண்டு படுப்பேன், அடுத்த நாள் கொஞ்சம் முன்னதாக அடிப்பேன். அவன் விலகி ஓடுவான், சிரிப்பான். ஆனால் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. பை தூக்கும் ஆளிடம் அவன் தணிந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. "வெளியில சொல்லிடாதீங்க. மாத்திரையால அவருக்குக் கொஞ்சம் மறதி. தெரிஞ்சா அவருக்கு அவமானமாப் போயிரும்" என்றான். அடுத்த நாளிலிருந்து அந்த ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டான். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகப் பார்க்கக்கூடிய ஒரே ஆளையும் அவனே அனுப்பிவைத்தான். அவன் அப்படித்தான், பாசக்காரன்.

மனதில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். அவன் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். எதிர் அறைக்காரர்கள் போன மாதிரி, கேள்வி கேட்பாரில்லாமல், யார் முகமும் என்னால் வாடாமல் போக வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணம் பல் டாக்டர் அடித்து வரட்டும், வராமல் போகட்டும், அது என் கையில் இல்லை. என் கையில் இருந்தது கயிறு மட்டும்தான். மட்டையைத் தொட்டவன் நான் இல்லை. எந்தத் தொழிற்சாலையிலும் மணி அடிப்பவனை, போல்ட் ஏன் கோணலாக வந்தது என்று கேட்கமாட்டார்கள்.

கடைசி நாள் காலை வெயில் நன்றாக இருந்தது. மனைவி அன்று ஏனோ சீக்கிரம் எழுந்து அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். மச்சினன் வழியெல்லாம் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தான். "என்னடா மாப்ள" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, ஆட்டம் முடியட்டும்" என்றான். பள்ளத்துக்கு வந்தோம். நான் முடித்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனேன். அவன் கடைசி அடியைத் தவறவிட்டான். வழக்கம் போலப் பந்தை எடுத்துத் திரும்ப வைப்பான் என்று பார்த்தேன். வைக்கவில்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்து நின்றான்.

"மாமா, மணி அடிக்காதீங்க. ஒரு விஷயம் சொல்லணும்" என்றான்.

எனக்குக் கேட்டது. இதை நான் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று உங்கள் ஆட்கள் கேட்டபோது காற்று அடித்ததால் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். காற்று அடிக்கவில்லை. ஓர் இலை அசையவில்லை. அவன் குரல் என் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. விரல்கள் கயிற்றின் மேல் தட்டிக்கொண்டிருந்தன. விஷயம் என்றால் என்னவாக இருக்கும், இன்னும் ஒரு மாதம் இங்கேயே இருக்கச் சொல்வான் என்று நினைத்தேன். நான் மணியை அடித்தேன். ஒரு முறை இல்லை, ஷிஃப்டுக்கு அடிப்பது போல நன்றாக நீட்டி அடித்தேன்.

அவன் ஓடவில்லை. மற்ற நாட்களில் ஓடுவான். அன்று மட்டும் சிரித்துக்கொண்டே, ஐயோ இந்த மாமாவை என்ன செய்வது என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு, என்னை நோக்கி மெதுவாக நடந்து வந்தான். விசில் சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பொருள் சின்னதுதான், எலுமிச்சம்பழம் அளவுகூட இருக்காது. வேகம்தான் பெரிது என்று நான் ஏற்கனவே சொன்னேன். காதுக்குக் கொஞ்சம் மேலே. அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. என் கை அமைதியாக இருந்தது.

எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது. ஃபோன்கள் கைக்கு வந்தன. மேலாளர் கைகட்டி நின்றார். பெட்டி கட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, அவை ஏற்கனவே கட்டி வாசலில் வைக்கப்பட்டிருந்தன. காரும் வந்து நின்றது. விடுதி ஆட்களின் சுறுசுறுப்பை நான் மெச்சிக்கொண்டேன். அப்போது என் மனைவி அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"இந்த ஓய்வு உங்களுக்கு ஒத்துக்கலைன்னு அவன்தாங்க கண்டுபிடிச்சான்" என்றாள். "மாமாவுக்கு ஃபேக்டரிதான் மருந்துக்கா, இன்னிக்கே கூட்டிட்டுப் போயிரலாம்னான். மாமாகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ வாயைத் திறக்காதேன்னு சத்தியம் வாங்கினான். உங்க முகத்தை அவன் பாக்கணுமாம்."

இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மனைவி யாரோடும் பேசுவதில்லை. அதிர்ச்சியில் இருப்பவனை வேலைக்கு விடக் கூடாது என்று உறவெல்லாம் கூடி முடிவு செய்து, தொழிற்சாலை வாசலில்கூடச் சொல்லிவைத்துவிட்டார்கள். எல்லோரும் என்னை ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் இங்கே கிளம்பி வந்தேன். கேட்டதை எல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். மணியை அடித்தது நான், அவன் நிற்கிறான் என்று தெரிந்து அடித்தேன், அடிக்காதே என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டே அடித்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. 'வீட்டுக்குப் போறோம்' என்று முதலில் சொல்லியிருக்கலாம் அல்லவா. 'மணி அடிக்காதீங்க' என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். தொழிலுக்கு வந்த முதல் நாளே அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன், முக்கியமானதை முதலில் சொல்லிவிடு என்று. சொன்னால் கேட்டால்தானே.